அல்லி ராஜ்யத்தில் அந்நியர் யார்?

பேரன்புமிக்க நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோய்த் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, அந்தப் பால் பொங்கியதற்குப் பிறகு அவர்களைத் திட்டப்போகிற பெரியோர்களே! அனைவருக்கும் மதுரை மண்ணின் வணக்கம். (சிரிப்பு)

"வேற்று உலகக் கதைகள்: விண்வெளிச் சமாச்சாரமா, வீட்டுச் சமாச்சாரமா?" தலைப்பு இது. எனக்கு முன்னால் பேசிய நண்பர், விண்வெளிச் சமாச்சாரமே என்று ரொம்ப அழகாகப் பேசினார். "செவ்வாய்க் கிரகத்துல ஆம்பளை இருந்தா என்ன, பொம்பளை இருந்தா என்ன, ரெண்டுமில்லாம மூணாவதா ஒண்ணு இருந்தா என்ன? அதனால நம்ம வீட்டு அடுப்பு எரியுமா?" என்று கேட்டுவிட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐயா, அந்த அடுப்புக்கு நான் வருகிறேன். வேற்று உலகக் கதை ஒன்றில் அடுப்பே எரிந்திருக்கிறது. அந்தக் கதை அச்சானது நம்ம சென்னையில். கொஞ்சம் பொறுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சேதி. நாம் வேற்று உலகம் என்று ஏதேதோ கிரகத்தைச் சொல்கிறோம் இல்லையா, ஒரு காலத்தில் நம்ம ஊரே இன்னொருத்தருக்கு வேற்று உலகமாக இருந்தது!

மெகஸ்தனிஸ் என்று ஒரு கிரேக்கர். சந்திரகுப்த மௌரியர் அரண்மனைக்குத் தூதராக வந்தவர். கி.மு. 300ஐ ஒட்டிய காலம். பாடலிபுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தியாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் புத்தகம் முழுசாக இன்றைக்கு இல்லை. பின்னால் வந்த ஆரியன், பிளினி போன்றவர்கள் எடுத்து எழுதிவைத்ததுதான் மிச்சம். அதில் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா? கங்கை உற்பத்தியாகிற இடத்தில் வாயே இல்லாத மனிதர்கள் இருக்கிறார்களாம். சாப்பாடு கிடையாது, பழ வாசனை, பூ வாசனையை மோந்தே உயிர் வாழ்கிறார்களாம். இன்னொரு கூட்டத்துக்குக் காது இம்புட்டுப் பெரிசு, ராத்திரி அதையே விரித்துப் படுத்துக்கொள்வார்களாம். பாய், போர்வைச் செலவு மிச்சம்! (சிரிப்பு)

வாயில்லாதவர்கள், காதை விரித்துப் படுப்பவர்கள் எல்லாம் வருகிற அதே புத்தகத்தில் நாமும் வருகிறோம். பண்டையா என்று ஒரு பெண். கிரேக்கர்கள் கும்பிடுகிற ஹெராக்ளிஸுக்கு நிறையப் பிள்ளைகள், மகள் ஒருத்தி மட்டும்தான். அவளுக்கு ஒரு நாட்டையே கொடுத்தானாம். கூடவே 500 யானை, 4,000 குதிரை வீரர், 1,30,000 காலாட்படை. நாட்டுக்கும் அவள் பேரே. முத்துக் குளிப்பைப் பற்றியும் அதே இடத்தில் பேச்சு வருகிறது. பிளினி இன்னும் ஒரு படி போய், இந்தியாவிலேயே பெண்கள் ஆள்கிற இனம் இவர்கள் மட்டும்தான் என்று எழுதிவைத்தார். இது பாண்டிய நாடுதான் என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். அங்கே பெண்களுக்கு ஏழு வயதில் கல்யாணம், ஆண்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆயுசு கிடையாது என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது. பொம்பளை ஆண்டா ஆம்பளைக்கு ஆயுசு குறையும் என்கிற பயம் நேற்று முளைத்ததில்லை ஐயா!

நடுவர்: இந்த அரங்கத்தில் நாற்பது தாண்டிய ஆண்கள் எல்லாம் கொஞ்சம் கையைத் தூக்குங்கள், கணக்குப் பார்ப்போம். (பலத்த சிரிப்பு)

நன்றி ஐயா. மெகஸ்தனிஸ் தெற்கே வந்து நம்மைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கேட்டதை எழுதியிருக்கிறார். கண்ணால் பார்க்காத தேசத்தை எப்படிக் கற்பனை பண்ணுவது? ரொம்பச் சுலபம். தன் வீட்டில் என்ன நடக்கிறதோ அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப்போட்டால் வேற்று நாடு தயார். கிரேக்க வீட்டில் பெண் உள்ளே இருந்தாள். அதனால் தூரத்து நாட்டில் பெண் சிம்மாசனத்தில் இருந்தாள்.

இதைப் புரிந்துகொண்டு கேலி பண்ணியவரும் ஒருத்தர் உண்டு. லூசியன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, சிரியா நாட்டுப் பக்கம் பிறந்து கிரேக்க மொழியில் எழுதியவர். "உண்மைக் கதை" என்று பேர் வைத்துவிட்டு, நான் சொல்வது அத்தனையும் பொய் என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்கிறார். அவர் கதையில் கப்பல் சூறாவளியில் சிக்கிச் சந்திரனுக்கே போய்விடுகிறது. அங்கே பெண் என்கிற இனமே கிடையாது. பெண் என்ற வார்த்தைகூடத் தெரியாது. பிள்ளை பிறக்க வேண்டுமே? ஆம்பளைக்குக் கெண்டைக்கால் சதையில் கர்ப்பம்! நடக்கிறபோதே கால் கனக்கும். ராக்கெட் இல்லை, தொலைநோக்கி இல்லை, அந்தக் காலத்திலேயே சந்திரனுக்குப் போன மனுஷன் அங்கே போய் முதலில் விசாரித்த சமாச்சாரம், "இங்க பிள்ளை யாரு பெத்துக்கிறது?" இது விண்வெளிச் சமாச்சாரமா, வீட்டுச் சமாச்சாரமா? நீங்களே சொல்லுங்கள். (கைதட்டல்)

சரி, வெளியூர்க்காரன் நம்மைப் பற்றிச் சொன்னது இருக்கட்டும். நாம் நம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டோம்?

தடாதகை கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விரிவாகப் பாடியிருக்கிறார். மலையத்துவச பாண்டியன் ஆண் பிள்ளை கேட்டு வேள்வி செய்கிறான். நெருப்பிலிருந்து மூன்று தனங்களோடு ஒரு பெண் குழந்தை எழுந்து வருகிறது. மன்னனுக்கு வருத்தம். இவளை ஆண் பிள்ளை மாதிரி வளர்த்து முடிசூட்டு, மணாளனைக் காணும்போது மூன்றாவது மறையும் என்று அசரீரி. வளர்கிறாள், முடி சூடுகிறாள், எட்டுத் திசையும் ஜெயித்துக் கைலாயம் வரைக்கும் போகிறாள். சிவனைப் பார்க்கிறாள், மூன்றாவது மறைகிறது, நாணம் வருகிறது. அடுத்து கல்யாணம்.

மதுரையின் பெருமை என்னவென்றால், கல்யாணத்தோடு அந்த அம்மா செங்கோலைக் கீழே வைக்கவில்லை. சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் பட்டாபிஷேகம், செங்கோல் மீனாட்சி கையில். ஆவணியில் சொக்கருக்குப் பட்டாபிஷேகம். நாலு மாசம் அம்மா ஆட்சி, எட்டு மாசம் ஐயா ஆட்சி என்பது ஊர் வழக்கு. அதனால்தான் "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம் கேட்டுச் சிரிக்கிறோம். நாலு மாச ஆட்சிக்கே இந்தப் பேரு என்றால், பன்னிரண்டு மாசமும் ஆண்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

அதற்கும் நம்மிடம் கதை இருக்கிறது. அல்லி!

நான் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவள். அப்பா மதுரைக்குப் போனால் புதுமண்டபத்தில் புத்தகம் வாங்கி வருவார். அப்போதெல்லாம் புதுமண்டபத்துக்குள் தையல் கடை, பாத்திரக் கடை, புத்தகக் கடை எல்லாம் இருந்தன. தூணில் தடாதகை சிலையாக நிற்பாள், பக்கத்தில் கயிற்றில் அல்லி அரசாணி மாலை தொங்கும். பெரிய எழுத்துப் புத்தகம். புகழேந்திப் புலவர் பேரில் அச்சாகி வரும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கும் சிம்னி விளக்குக்கும் தோதாக, கொட்டை கொட்டையாக எழுத்து. எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறாம் வகுப்புப் படிக்கிற நான் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிப்பேன். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கதை என்ன? பாண்டிய மன்னனுக்குப் பிள்ளை இல்லை. அல்லிப் பூவில் கண்டெடுத்த குழந்தை அல்லி. வளர்ந்து, படித்து, போர் பழகி, நாட்டைப் பறித்துவைத்திருந்தவனை ஜெயித்து மதுரைக்கு அரசியாகிறாள். அவள் ராஜ்யத்தில் மந்திரி பெண், படைத் தலைவி பெண், கோட்டைக் காவல் பெண். ஆண் வாடையே ஆகாது. நாடு நன்றாகத்தான் நடக்கிறது. பஞ்சம் வந்தது, கலகம் வந்தது என்றெல்லாம் கதை சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து அர்ஜுனன் வருகிறான். வேஷம் போட்டுப் பார்க்கிறான், நடக்கவில்லை. கடைசியில் கண்ணன் பாம்பாட்டியாகிறான், அர்ஜுனன் பாம்பாகிறான். பாம்பு அழகாக ஆடுகிறதே என்று அல்லி அதை அரண்மனையில் வைத்துக்கொள்கிறாள். ராத்திரி, அவள் தூங்கும்போது பாம்பு ஆளாகித் தாலியைக் கட்டிவிடுகிறது. தூக்கத்தில் கல்யாணம்!

எங்க அப்பத்தா என்ன செய்யும் தெரியுமா? பாம்பாட்டி மதுரைக்குள் நுழைகிற இடம் வந்ததும், "போதும்த்தா, கண்ணு வலிக்கும், மிச்சத்த நாளைக்குப் படி" என்று சொல்லும். மறுநாள் உட்கார்ந்தால், "மொதல்ல இருந்து படித்தா, அல்லி பட்டங்கட்டுனதுல இருந்து" என்று சொல்லும். இப்படி ஒரு மாசம். அந்தப் புத்தகத்தின் பின்பாதியை நான் அதற்குத் தெரியாமல்தான் படித்தேன். முப்பது வருஷம் நாலு ஏக்கர் வயலையும் வரவு செலவையும் தனியாளாகப் பார்த்த மனுஷி. என் சித்தப்பாக்கள் தலையெடுத்த பிறகு சாவிக்கொத்து அதன் இடுப்பில் இல்லை.

நடுவர் ஐயா அவர்களே, நான் ஒரு சின்ன அளவுகோல் வைத்திருக்கிறேன். எந்த வேற்று உலகக் கதையாக இருந்தாலும் ஒரே கேள்வி. வந்தவன் மாறினானா, வந்த இடம் மாறியதா? அல்லி கதையில் வந்த இடம் மாறிவிட்டது. அர்ஜுனன் அப்படியே இருக்கிறான். அப்படியே என்றால் அப்படியே! பின்னால் மகன் புலந்திரன் பவளத் தேர் கேட்டான் என்று பவளம் தேடிப்போன இடத்தில் பவளக்கொடியையும் கட்டிக்கொண்டு வந்தவர்தானே! கடைக்குப் போனா கொத்தமல்லி மறந்துட்டு வர்ற ஆள நமக்குத் தெரியும், இது வேற ரகம். (சிரிப்பு)

இன்றைக்கும் வீட்டில் ஒரு பெண் குரலை உயர்த்தினால் "அல்லி ராஜ்யமா நடக்குது?" என்கிறோம். மதுரையை நிஜமாகவே ஒரு பெண் ஆண்டாள். ராணி மங்கம்மாள், 1689 முதல் 1706 வரை, பேரனுக்காகப் பொறுப்பேற்று. சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள், மங்கம்மாள் சாலை என்று ஊருக்கு ஊர் பேர் இருக்கிறது. ஆனால் "மங்கம்மா ராஜ்யமா நடக்குது?" என்று யாரும் கேலி பேசுவதில்லை. நிஜத்தில் ஆண்டவளைக் கேலி பண்ண முடியவில்லை, கதையில் ஆண்டவளைப் பிடித்துக்கொண்டோம்.

இன்னொரு வேடிக்கை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். முழுக்கப் பையன்கள். பவளக்கொடி அவர் எழுதிய நாடகம். பையன்கள் கம்பெனி என்றால் ராணியும் பையன், தோழியும் பையன். அதாவது ஆணே இல்லாத நாட்டை ஆண்களே நடித்துக் காட்டினார்கள்! பின்னால் கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் 1935இல் படத்தில் நந்தனாராகவே நடித்தார். மேடையில் இந்த மாற்றத்தையெல்லாம் நம்ம ஜனங்கள் கண் கலங்கப் பார்த்திருக்கிறார்கள். மேடையை விட்டு இறங்கி வந்தால்தான் சிக்கல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது அடுப்பு.

1905. சென்னையில் கமலா சத்தியநாதன் என்கிற அம்மையார் "இந்தியன் லேடீஸ் மேகசின்" என்று ஒரு பத்திரிகை நடத்திவந்தார். 1901இல் தொடங்கியது. அந்தப் பத்திரிகையில் "சுல்தானாவின் கனவு" என்று ஒரு கதை வந்தது. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். வங்காளத்தில் ரங்பூர்ப் பக்கம் 1880இல் பிறந்த முஸ்லிம் பெண். கோஷா முறையில் வளர்ந்தவர். அண்ணன் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தைக் கணவர் வளர்த்துவிட்டார். பீகாரில் பாகல்பூரில் இருந்துகொண்டு, தாய்மொழியை விட்டு இங்கிலீஷில் எழுதினார். அதை அச்சுப் போட்டுக் கொடுத்தது நம்ம சென்னைப் பட்டணம்.

கதையில் சுல்தானா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இந்தியப் பெண்களின் நிலைமையை யோசித்தபடி கண்ணயர்கிறாள். சாரா என்கிற சிநேகிதி மாதிரி ஒருத்தி வந்து வெளியே கூப்பிடுகிறாள். போனால் வேறு நாடு. தெருவில் ஆணே இல்லை. கோஷாப் பெண்ணாச்சே, சுல்தானா கூச்சத்தோடு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறாள். தெருப் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஏன்? "இந்த அம்மா ஆம்பளை மாதிரி இருக்கு"ன்னு! அங்கே கூச்சப்படுவதும் பயப்படுவதும் ஆண்களின் லட்சணம். ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள்ளே, திரைக்குப் பின்னால், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு.

நாட்டை நடத்துவது பெண்கள் பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்திலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் இறக்குகிறது. நம்ம வைகை ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த அருமை தெரியும். இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்துவைக்கிறது. சாரா தன் சமையலறையைக் காட்டுகிறாள். காய்கறித் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. விறகு இல்லை, கரி இல்லை, புகைபோக்கி இல்லை, புகையே இல்லை. சூரிய வெப்பத்தில் அடுப்பு எரிகிறது ஐயா! 1905இல்! எதிரணி நண்பர் கேட்டாரே, வேற்று உலகக் கதையால் அடுப்பு எரியுமா என்று. எரிந்ததே! (நீண்ட கைதட்டல்)

நண்பர்களே, ஆண்கள் எழுதிய வேற்று உலகத்தில் எல்லாம் ராணி உண்டு, படை உண்டு, அழகு உண்டு, அந்தப்புரம் உண்டு. சமையலறை உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. விறகடுப்பை ஊதி ஊதிக் கண் எரிந்த வீட்டில் வளர்ந்தவள்தான் இன்னொரு உலகத்துக்குப் போனதும் "உங்க அடுப்பைக் காட்டுங்க" என்று கேட்பாள்.

அந்த நாட்டில் பெண்களுக்கு ஆபீஸ் வேலை ஒரு நாளைக்கு இரண்டே மணி நேரம். எப்படி முடிகிறது என்று கேட்டால், கணக்குச் சொல்கிறாள் சாரா. ஆண் ஒருநாளைக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடிக்கிறான், ஒரு சுருட்டுக்கு அரை மணி, ஆக ஆறு மணி நேரம் புகையாகப் போயிற்று. சுருட்டுக்குப் பேர் போன திருச்சிக்கு ரயில் விட்டிருந்த மாகாணத்தில்தான் இந்தக் கதை அச்சானது! அங்கே இருபத்தொரு வயதுக்கு முன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் கிடையாது. கதை வந்தது 1905. இந்தியாவில் சாரதா சட்டம் வந்தது 1929. அதில் பெண்ணுக்கு எத்தனை வயது? பதினாலு.

ஆண்கள் உள்ளே போனது எப்படி? அடைக்கலம் வந்தவர்களைத் திருப்பிக் கொடு என்று பக்கத்து ராஜா படையெடுத்து வருகிறான். ஆண்கள் போராடித் தோற்றுப்போகிறார்கள். ஒரு பல்கலைக்கழகத் தலைவி சொல்கிறாள்: நாங்கள் வெளியே வர வேண்டும், அதற்கு ஆண்கள் உள்ளே போகட்டும். களைத்துப்போன ஆண்கள் மறுபேச்சில்லாமல் போகிறார்கள். இரண்டாயிரம் மாணவிகள் சூரிய வெளிச்சத்தைக் குவித்து எதிரிப் படை மேல் விடுகிறார்கள். எதிரி ஓட்டம். போன ஆண்கள் போனவர்களே. போலீஸ் அதிகாரிகளும் மாஜிஸ்திரேட்டுகளும், தோற்றது ராணுவம்தானே, எங்களை ஏன் அடைக்க வேண்டும் என்று மனுப் போடுகிறார்கள். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று பதில் வருகிறது. ரொக்கேயாவின் கணவர் என்ன உத்தியோகம் தெரியுமா? டெபுடி மாஜிஸ்திரேட்! அவர் ஊரிலிருந்து திரும்பி வந்து, நின்றபடியே கதையை முழுக்கப் படித்துவிட்டு, இது பயங்கரப் பழிவாங்கல் என்று சொன்னாராம். சொன்னாரே தவிரத் தடுக்கவில்லை.

பழிவாங்கல்தான். நான் மறுக்கவில்லை. ஒரு பாதியைத் திறந்துவிட இன்னொரு பாதியைப் பூட்டுகிற கதை அது. அல்லி கோட்டைக்கு வெளியே நிறுத்தினாள், இவர் வீட்டுக்குள்ளே பூட்டினார். ஆனால் என் அளவுகோலை வைத்துப் பாருங்கள். வந்தவள் சுல்தானா. அவள் அந்த நாட்டைப் பிடிக்கவில்லை, கெடுக்கவில்லை. கூச்சத்தோடு வந்தவள் நிமிர்ந்து நடக்கிறாள். கண் விழிக்கும்போது அதே பழைய நாற்காலி. நாடு அங்கேயே பத்திரமாக இருக்கிறது. எங்க அப்பத்தா பயந்த பாம்பாட்டி அந்தக் கதைக்குள் வரவே இல்லை. பத்து வருஷம் கழித்து, 1915இல், அமெரிக்காவில் சார்லட் கில்மன் பெண்கள் மட்டும் வாழும் நாட்டைப் பற்றி எழுதினார். அதில்கூட மூன்று ஆண்கள் போய் இறங்கி, மூன்று பேரும் கல்யாணம் பண்ணிக்கொண்டுதான் விட்டார்கள்!

ரொக்கேயா கனவோடு நிற்கவில்லை. கணவர் இறந்த பிறகு 1909இல் பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். அங்கே நடத்த முடியாமல் 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடி தொடங்கினார். 1932இல் இறக்கும் வரை அந்தப் பள்ளிதான் வாழ்க்கை. கதையில் இரண்டாயிரம், கையில் எட்டு.

அடுத்து 1969. உர்சுலா லெ குவின் என்கிற அமெரிக்க அம்மையார் கெத்தன் என்று ஒரு பனிக் கிரகத்தைப் படைத்தார். அங்கே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார். எது என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு பிள்ளைக்குத் தாய், இன்னொரு பிள்ளைக்குத் தகப்பன், ஒரே ஆள்! ராஜாவே மாசமாக இருக்கிறார்! அங்கே பூமி வம்சத்து ஆண் ஒருவர் தூதராகப் போகிறார். எந்நேரமும் ஆணாகவே இருக்கிற அவரைத்தான் அந்த ஊர்க்காரர்கள் விபரீதப் பிறவியாகப் பார்க்கிறார்கள்.

அந்தக் கதையில் அம்மையாருக்கே ஒரு தவறு நேர்ந்தது. இங்கிலீஷில் ஒருத்தரைச் சொல்ல அவன் அல்லது அவள் வேண்டும். கெத்தன் மக்கள் எல்லாரையும் "அவன்" என்றே எழுதிவிட்டார். படித்தவர்கள் கேட்டார்கள்: ஏம்மா, எல்லாரும் ஆம்பளையாவே தெரியுதே? முதலில் சமாதானம் சொன்னார். பிறகு 1980களில், நான் செய்தது சரியில்லை என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். பெரிய மனசு.

தமிழில் இதற்கு என்ன வழி? வந்தான், வந்தாள், வந்தது என்று வினையிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறதே என்று பயப்பட வேண்டாம். "வந்தார்" இருக்கிறது! அந்த ஒரு "ஆர்" விகுதியில் ஆணா பெண்ணா என்கிற கேள்வியே இல்லை. மரியாதை கொடுத்த உடனே பால் மறைந்துவிடுகிறது.

தொல்காப்பியர் இதைப் பற்றி யோசித்தே இருக்கிறார். ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவர்களை எந்தத் திணையில் வைப்பது? சொல்லதிகாரத்தில் தெய்வங்களையும் இவர்களையும் ஒரே சூத்திரத்தில் சேர்த்துச் சொல்கிறார். இவர்களுக்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணைக்குரிய ஈறுகளையே பெறுவார்கள் என்கிறார். தெய்வத்துக்கு என்ன இலக்கணமோ அதே இலக்கணம். பிறகு பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தியார், இவர்கள் அஃறிணை போலவும் வருவார்கள் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டார். ஒரு சின்ன வாசல்தான். ஊரே அதன் வழியாகத்தான் போயிற்று.

இதை நான் யாரையும் குற்றம் சொல்லப் பேசவில்லை. நான் தமிழாசிரியை. பல வருஷத்துக்கு முன்னால், ஒரு பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். நடை நளினமாக இருக்கும், குரல் மெலிசு. கையெழுத்து முத்து முத்தாக. காலையில் வகுப்பில் திணை, பால் நடத்துவேன்: உயர்திணை, அஃறிணை, ஆண்பால், பெண்பால். மத்தியானம் ஆசிரியர் அறையில் ஒருத்தர், "அந்தா, அது வருது பாருங்க" என்பார். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்தேன். இலக்கணம் நடத்துகிற நானும் சிரித்தேன். அரைப் பரீட்சைக்குப் பிறகு அந்தப் பிள்ளை வரவில்லை. ஏன் என்று கேட்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வருகைப் பதிவேட்டில் கொஞ்ச நாள் பேர் இருந்தது, அப்புறம் சிவப்பு மையில் ஒரு கோடு.

அந்த வருஷங்களில் சுஜாதாவின் ஜீனோவை, அந்த இயந்திர நாய்க்குட்டியை, வீட்டுப் பிள்ளை மாதிரி கொஞ்சிக்கொண்டிருந்தோம். இயந்திர நாய்க்கு நடு வீட்டில் இடம் இருந்தது. (அரங்கில் அமைதி)

பின்னால் எவ்வளவோ மாறியது. 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், தான் ஆணா பெண்ணா மூன்றாம் பாலா என்று சொல்கிற உரிமை அவரவருக்கே என்று தீர்ப்புச் சொன்னது. நம்ம மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார். அதே 2019, ஏப்ரல் 22. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு வழக்கு. தூத்துக்குடியில் கோவிலில் முறைப்படி கல்யாணம். மணப்பெண் திருநங்கை. பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தில் மணப்பெண் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம், பதிவு செய் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். புதுச் சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சொல்லுக்குள் யார் யார் வரலாம் என்பதுதான் வழக்கு. லெ குவின் அம்மையார் ஒரு கிரகத்தையே படைத்துக் கேட்ட கேள்வியை நம்ம ஊரில் ஒரு பதிவாளர் அலுவலகப் படிவம் கேட்டது.

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு நிமிஷம்.

போன வருஷம் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். "டீச்சர்" என்று ஒரு குரல். சேலை கட்டி, பூ வைத்து, கையில் காய்கறிப் பை. முகம் பிடிபடவில்லை. "கையெழுத்து நல்லா இருக்குன்னு ஒருவாட்டி சொன்னீங்க டீச்சர்" என்றாள். அப்போது தெரிந்துவிட்டது. எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்குச் சிரித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஒரே கூட்டம். என் பையையும் அவளே வாங்கிக்கொண்டு முன்னால் ஏறி, எனக்குக் கை கொடுத்தாள். படியிலேயே நின்றுவிட்டோம். கண்டக்டர் பையன், இருபத்தைந்து வயசு இருக்கும், பின்னாலிருந்து சத்தம் போட்டான். "ரெண்டு அக்காவும் அப்படியே உள்ள போங்கக்கா, படியில நிக்காதீங்க!"

உள்ளே போனோம்.

நல்ல தீர்ப்பு வழங்குங்கள் ஐயா என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம். (கைதட்டல்)